வாடைக்கு உப்பு, கச்சானுக்குத் தூசு

ஸ்டிக்கில் விரல் படாமலே திரையில் ஆள் மெல்ல இடப்பக்கமாக நடக்கத் தொடங்கினால் கேம் கொன்ட்ரோலர் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்டிக்குக்குக் கீழே இருக்கும் கரிப்பூச்சுத் தடம் தேய்வது ஒரு காரணம். திருகோணமலையில் அதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன: உப்பும் தூசும். தேய்ந்த தடத்தை ஆற்ற முடியாது. உப்பையும் தூசையும் கழுவி எடுக்கலாம், அதற்குச் சில நூறு ரூபாய்ச் சாமான் போதும். எது எப்போது வருகிறது, எதைக் கொண்டு துடைப்பது என்று தெரிந்திருந்தால் சரி.

எங்கள் நகரம் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம். அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத்துளிகளைக் காற்றில் எறிகின்றன. வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும், காற்றும் கடலில் இருந்து நேராகக் கரைக்கு அடிக்கும். திருக்கடலூர், டச்சுக்குடாக் கரை, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு என்றால் அந்த மாதங்களில் ஜன்னல் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தாலே உண்மை தெரியும். கச்சான் காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை கதை வேறு. அது மேற்கில் இருந்து, காய்ந்த தரையைத் தாண்டி வருகிற சூட்டுக்காற்று. உப்பு குறையும், மண்தூசும் வெக்கையும் கூடும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள் என்ற பொது விதி இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. கச்சான் ஓய்ந்த செப்டெம்பர் கடைசியில் ஒருமுறை தூசுக்காக, வாடை ஓய்ந்த மார்ச் தொடக்கத்தில் ஒருமுறை உப்புக்காக. இந்த இரண்டையும் தவறவிடாவிட்டால் மற்றதெல்லாம் வசதிப்படி.

உப்பு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு தானாகவே காற்றில் இருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். குசினியில் உப்புச்சாடி மாரி காலத்தில் நசநசப்பது இதனால்தான். சாடிக்குள் நாலு அரிசி போட்டு வைப்பதும் இதற்குத்தான். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதனிலேயே தண்ணீர் இழுக்கும். எங்கள் ஊரில் காற்று அவ்வளவு காய்வது அரிது. ஆகவே சேர்க்கிட் போர்டில் படிந்த கடலுப்பு முழுதாக உலர்வதே இல்லை. அந்த மெல்லிய ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்தும். அருகருகே இருக்கும் இரண்டு செப்புக்கால்களுக்கு நடுவே அப்படி ஒரு கசிவு இருந்தால், மின்சாரம் ஓடும் நேரமெல்லாம் செப்பு அரிபட்டுக்கொண்டே போகும். யூஎஸ்பி துளையில் பச்சை நிறத் துகளாகத் தெரிவது அந்த அரிபட்ட செப்புதான்.

பலரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. எலெக்ட்ரோனிக்ஸ் சுத்தம் செய்ய எல்லாரும் சொல்வது ஐசோபுரோப்பைல் அல்கஹோல், அதுவும் 99 சதவீதம். எண்ணெய்ப் பிசுக்கு, விரல் அழுக்கு, சிபியூவின் சூட்டைக் கடத்தப் பூசும் பழைய தேர்மல் பேஸ்ட் எல்லாவற்றுக்கும் அது நல்லது. ஆனால் உப்பு அதில் கரையாது. தூய அல்கஹோலைத் தோய்த்து உப்புப் படிந்த இடத்தைத் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிர போகாது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் காய்ச்சி வடித்த தண்ணீர். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று பெற்றோல் செட்டிலும் பற்றரிக் கடையிலும் கிடைப்பது அதுவே. வாங்கும்போது அசிட் இல்லை, வடித்த தண்ணீர்தான் என்று லேபலை வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிப் போத்தலில் ஒரே தட்டில் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கரையோரக் கிணறுகள் சவர், அதிலேயே உப்பு இருக்கிறது.

முறை இது. பற்றரியைக் கழற்றுங்கள், கழற்ற முடியாவிட்டால் அதன் இணைப்பையாவது பிடுங்குங்கள். மிருதுவான பழைய பல்துலக்கியை வடித்த தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, வெள்ளையோ பச்சையோ படிந்த இடத்தை மெல்லத் தேயுங்கள். இரண்டு முறை போதும். பிறகு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட அல்கஹோலால் அதே இடத்தைத் துடைக்க வேண்டும். அது இடுக்கில் நிற்கும் தண்ணீரைத் தன்னோடு கலந்து இழுத்துக்கொண்டு ஆவியாகும். பிறகு ஒரு நாள் முழுக்க மின்விசிறிக் காற்றில் விடுங்கள், வெயிலில் வைக்க வேண்டாம். பார்மசியில் 70 சதவீத அல்கஹோல் மட்டும் கிடைத்தால், அதில் மிகுதி தண்ணீர் என்பதால் உப்பு ஓரளவு கரையும். ஆனால் காய இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். மின்விசை ஏற்றும் அவசரத்தில்தான் நல்ல போர்டுகள் சாகின்றன.

இனி ஸ்டிக். முதலில் அளந்து பாருங்கள். கொன்ட்ரோலரைக் கணினியில் செருகி, பிரவுசரில் கேம்பாட் சோதிக்கும் பக்கம் ஒன்றைத் திறந்தால் ஒவ்வொரு அச்சுக்கும் −1 முதல் 1 வரை ஓர் எண் தெரியும். கை எடுத்த நிலையில் 0.05க்குள் நின்றால் சுகம். 0.1ஐத் தாண்டினால் ஆள் நடக்கத் தொடங்குவான். எண் ஒரே இடத்தில் நிலையாக நிற்கிறதா, துள்ளுகிறதா என்றும் கவனியுங்கள். துள்ளினால் பெரும்பாலும் அழுக்கு, சுத்தம் செய்தால் சரிவர வாய்ப்பு உண்டு. நடுவில் இருந்து விலகி நிலையாக நின்றால் சுருள்வில்லோ தடமோ தேய்ந்திருக்கிறது, கழுவிப் பயன் குறைவு. கழுவுவதற்கு ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து, அரைவட்ட மூடிக்குக் கீழே இரண்டு மூன்று துளி அல்கஹோல் விட்டு, முப்பது நாற்பது முறை வட்டமாகச் சுழற்றுங்கள். மற்றப் பக்கம் சாய்த்து இன்னொருமுறை. அரை மணித்தியாலம் பொறுத்த பிறகு செருகிப் பாருங்கள். துருப்பிடித்த பிணைச்சலுக்கு அடிக்கும் டபிள்யூடி-40 எண்ணெயை இதற்குள் விடுவது பெரிய தவறு. அது பிசுபிசுப்பாகத் தங்கி, கச்சான் தூசை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். கன்டாக்ட் கிளீனர் என்று எழுதிய, மிச்சம் விடாமல் ஆவியாகும் வகை மட்டும்தான் சரி.

கழுவியும் தீராவிட்டால் கேமின் அமைப்பில் டெட்சோன் என்ற, நடுவில் ஸ்டிக்கின் அசைவைக் கணக்கில் எடுக்காத இடத்தை 8 முதல் 12 சதவீதம் வரை உயர்த்தலாம். சிறிய அசைவுகள் பதியாமல் போகும் என்பதால் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இது இடறும். கார் ஓட்டத்துக்கும் கால்பந்துக்கும் பரவாயில்லை.

கடைசி வழி ஸ்டிக்கின் முழுப் பெட்டியான மொடியூலை மாற்றுவது. சோல்டர் பிடிக்கத் தெரிந்தவர் செய்யக்கூடிய வேலை, ஆனால் பொறுமை வேண்டும். வழக்கமான மொடியூலுக்கு 14 கால்கள்: ஸ்டிக்கின் நிலையை அளக்கும் இரண்டு பொட்டென்சியோமீற்றருக்கு மூன்று மூன்றாக ஆறு, அழுத்தும் பொத்தானுக்கு நாலு, சட்டத்தைத் தாங்க நாலு. எல்லாவற்றையும் ஒரேயடியாக உருக்கிப் பிடுங்கப் பார்ப்பவர்கள்தான் போர்டின் செப்புத்தடத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார்கள். பழைய மொடியூல் எப்படியும் வீசப்போவதுதானே. ஆகவே கட்டரால் அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய கால்களை ஒவ்வொன்றாக உருக்கி இழுங்கள். தொழிற்சாலை ஈயமற்ற சோல்டர் 217 பாகை அளவில்தான் உருகும். அதன்மேல் 63/37 ஈயச் சோல்டரை கொஞ்சம் சேர்த்தால் உருகுநிலை இறங்கும், வேலை இலகுவாகும். அயர்ன் 350 பாகை. போர்டின் எர்த் செப்புப்பரப்போடு சேர்ந்த கால்கள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் அவற்றுக்கு மட்டும் இன்னும் சில செக்கன் பிடிக்க வேண்டும். உருகுமுன் இழுக்க வேண்டாம். புதிதாகப் போடுவது ஹோல் விளைவு மொடியூலாக இருந்தால் இந்த ஊருக்கு மிகப் பொருத்தம். 1879இல் எட்வின் ஹோல் கண்டுபிடித்த விளைவு அது: காந்தம் அசைவதை உணர்கருவி தொடாமலே அறியும். உரசும் தடமே இல்லை, தேய ஒன்றும் இல்லை. போட்ட பிறகு நடுநிலையைச் சரிப்படுத்தும் கலிப்ரேஷன் தேவைப்படும். அதைச் செய்யாமல் புது மொடியூலும் நடக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு.

மேசைக் கணினிக்கு வந்தால் உப்பைவிடத் தூசுதான் முதல் எதிரி. சிபியூ விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு படை பிடித்திருக்கும். விசிறி சுழன்றாலும் காற்று தகட்டுக்குள் போகாது. சிறிய மின் புளோவரால் ஊதுங்கள், ஊதும்போது விசிறி இலையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று பெயரிங் கெடும். வாகனச் சேர்விஸ் நிலையத்துக் கொம்பிரசரில் கொண்டுபோய் ஊதுவிப்பது வேண்டாம். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெய்த் துளியும் வரும். எங்கள் ஈரக்காற்றை அழுத்தும்போது தொட்டிக்குள் தண்ணீர் கூடுதலாகவே தேங்கும். தேர்மல் பேஸ்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், ஒரு பட்டாணி அளவு. கூடப் போட்டால் குளிர்ச்சி கூடாது.

வெக்கைக் கணக்கு எளிது. அறை 24 பாகையில் இருந்து 34க்கு ஏறினால், அதே வேலைக்குச் சிபியூவும் ஏறத்தாழ 10 பாகை ஏறும். தகரமோ சீற்றோ போட்ட மேல் அறையில் மத்தியானம் மூன்று மணிக்குக் கேம் இழுபடுவது கணினியின் குற்றம் இல்லை. கேமின் ஃபிரேம் எண்ணிக்கையை 60க்குக் கட்டுங்கள். உங்கள் திரை 60 ஹேர்ட்ஸ் என்றால் அதற்கு மேல் வரையும் ஒவ்வொரு படமும் கண்ணுக்கு வராமல் வெப்பமாக மட்டும் மாறுகிறது. மடிக்கணினியின் பின்பக்கத்தை மூன்று சென்ரிமீற்றர் உயர்த்தி வையுங்கள், மெத்தையில் வைக்கவே வேண்டாம். போனில் என்றால் கவரைக் கழற்றி, வெளிச்சத்தைப் பாதியாக்கி, சார்ஜ் ஏற்றிக்கொண்டே விளையாடுவதை நிறுத்துங்கள். சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் போன் தானாகவே வேகத்தைக் குறைக்கும். பப்ஜியோ ஃப்ரீ ஃபயரோ இருபது நிமிடத்துக்குப் பிறகு திடீரென்று இழுபடுவதை நெட் பிரச்சினை என்று நினைப்பவர்கள், முதலில் போனின் முதுகைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சூடான போனைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது எங்கள் ஊரில் குறிப்பாகக் கெடுதல். வெளிக்காற்று 30 பாகை, ஈரப்பதன் 75 சதவீதம் என்றால் பனிநிலை ஏறத்தாழ 25 பாகை. 25க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளை வெளியே எடுத்தாலும் அதன்மேல் தண்ணீர் வியர்க்கும், உள்ளே இருக்கும் போர்டிலும்தான். ஏசி அறையில் இருந்து மடிக்கணினியை வராந்தாவுக்குக் கொண்டுவந்ததும் இதுவே நடக்கும். பையை மூடியபடி அரை மணித்தியாலம் விட்டு, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள்.

பிங், அதாவது கேம் சேர்வருக்குத் தரவு போய்வர எடுக்கும் நேரம் பற்றி நிறையப் புலம்பல் கேட்கிறது. அதில் ஒரு பகுதி இயற்கை வைத்த விலை. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். பல கேம்களின் ஆசிய சேர்வர்கள் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ இருக்கின்றன. சிங்கப்பூர் எங்களுக்குக் கிழக்கே, கடலுக்கு அப்பால். ஆனால் எங்கள் தரவு நேரே கிழக்கே இறங்குவதில்லை. கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். ஆகவே முதலில் மேற்கே தீவைக் குறுக்கறுத்து, பிறகு தெற்கே சுற்றிக் கிழக்கே போகிறது. போகும் தூரத்தை 3,300 கிலோமீற்றர் என்று வைத்தால், போய்வர 33 மில்லிசெக்கன். வழியில் உள்ள கருவிகள் எடுக்கும் நேரம் அதன்மேல். எந்தப் பக்கேஜுக்குக் காசு கட்டினாலும் இந்த 33 குறையாது. பக்கேஜ் கூடினால் கூடுவது குழாயின் அகலம், நீளம் அதே நீளம்தான். கேம் விளையாட அந்த அகலம் மிகக் கொஞ்சமே தேவை.

குறைக்கக்கூடியது வீட்டுக்குள் இருக்கும் தாமதம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு அளவு போதும். கணினியின் கட்டளைத் திரையில் பிங் கட்டளையை முதலில் றவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, ஐம்பது முறை அனுப்புங்கள். அடுத்து வெளியே இருக்கும் கூகிளின் முகவரியான 8.8.8.8க்கு ஐம்பது முறை. றவுட்டருக்கே 5 மில்லிசெக்கனைத் தாண்டித் துள்ளினால் குற்றம் உங்கள் வைஃபையில். 2.4 கிகாஹேர்ட்ஸில் அயல்வீடுகளோடு மோதாமல் 1, 6, 11 ஆகிய மூன்று சனல்களில் ஒன்றைத் தேருங்கள். றவுட்டர் இருக்கும் அறையிலேயே விளையாடுவதானால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள். முடிந்தால் ஒரு கேட் 5ஈ கேபிள் இழுத்துவிடுங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை. றவுட்டருக்கு 1, 2 என்று வந்து வெளியே மட்டும் துள்ளினால், வீட்டில் யாருடைய போனாவது படங்களை மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றும் குழாய் நிரம்பியதும் கேமின் சிறு பொதிகள் வரிசையில் பின்னால் நிற்கும். றவுட்டரில் ஏற்றும் வேகத்தை, உங்கள் இணைப்பில் அளந்த ஏற்றும் வேகத்தின் 85 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தினால் அந்த வரிசை கலையும். 4ஜி றவுட்டர்காரருக்கு இரவு ஏழு முதல் பத்து வரை கோபுரமே நெரிசல். அந்த நேரத்தில் வீட்டுக்குள் எதை மாற்றியும் பெரிய பயன் இருக்காது. விடிய ஐந்து மணிக்கு அளந்தால் வித்தியாசம் விளங்கும்.

கரண்ட் போனால் றவுட்டரை ஓட வைக்கும் சின்ன யூபிஎஸ் இப்போது எல்லாக் கடையிலும் உண்டு. பெட்டியில் 10,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் கலத்தின் கணக்கு. அதாவது 37 வாற் மணி. மாற்றும் இழப்புப் போக 30 மிஞ்சும். றவுட்டர் 12 வாற் எடுத்தால் இரண்டரை மணித்தியாலம். வாங்குமுன் றவுட்டர் அடப்ரரின் முதுகில் வோல்ற் 12ஆ 9ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் பின்னேர இடி கேட்டால் எந்த யூபிஎஸ்ஸையும் நம்ப வேண்டாம். 13 அம்பியர் பிளக்கையும் லான் வயரையும் பிடுங்கி வைப்பதே நிச்சயமான வழி.

கடலுக்குள் விழுந்த போனை அரிசிக்குள் புதைப்பது வீணான வேலை. அரிசி இழுக்கும் ஈரம் சொற்பம், உப்பு அப்படியே உள்ளே நிற்கும். உடனே அணையுங்கள், சரிபார்ப்பதற்காகக்கூட மீண்டும் போட வேண்டாம், சார்ஜரில் செருகவே வேண்டாம். நல்ல தண்ணீரில் ஒருமுறை, முடிந்தால் வடித்த தண்ணீரில் இன்னொருமுறை அலசி, அன்றைக்கே திறக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். நிலாவெளியில் குளிக்கப் போகும்போது இந்த வரிசையை நினைவில் வைத்திருந்தால் போதும்.

இன்னொன்று, கெரம் போர்ட். கணினி இருக்கும் அறையிலேயே கெரமும் அடிக்கிற வீடுகள் பல. போரிக் பவுடர் மிக மென்மையானது, அடிக்கும்போது எழும்பி நேரே கணினியின் விசிறிக்குள் போகும். இரண்டையும் வேறு அறையில் வையுங்கள், முடியாவிட்டால் கெரம் நடக்கும்போது கணினியை அணைத்துவிடுங்கள். மாரியில் பலகை ஈரம் குடித்துப் பவுடர் கட்டிபட்டு, காய் நடுவழியில் நிற்கும். அப்போது இன்னும் பவுடர் போடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. காய்ந்த பருத்தித் துணியால் பழைய பவுடரை முழுக்கத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணித்தியாலம் கிடத்திவிட்டு, புதிதாக ஒரு சிட்டிகை தூவுங்கள். வெயிலில் காயவிட்டால் பலகை ஒரு பக்கம் மட்டும் உலர்ந்து வளையும். 74 சென்ரிமீற்றர்ப் பலகையில் இரண்டு மில்லிமீற்றர் வளைவே மெதுவாக விட்ட காயைத் திசைமாற்றப் போதும். ஆட்டம் முடிந்ததும் சுவரில் சாத்தாமல், பலகையைத் தட்டையாக அலுமாரியின் மேல் வையுங்கள். வாடை காலத்தில் வெளிச்சுவர் ஈரம் வாங்கும், அதில் சாய்ந்த பக்கம் முதலில் ஊதும்.